ஆன்ட்ஸ்னெஸின் வாசிப்பில் குளிர்ச்சி காண்பவர்களுக்கு

நார்வே நாட்டுப் பியானோக் கலைஞர் லெய்ஃப் ஊவ ஆன்ட்ஸ்னெஸைப் பற்றி இசை ரசிகர்கள் கூடிப் பேசும்போதெல்லாம், "விரல் சுத்தம்தான், ஆனால் வாசிப்பில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார், மற்றவர்களும் தலையசைத்துவிடுகிறார்கள். வடகடலோரத் தீவு ஒன்றில் பிறந்தவர் என்பதால் அந்த ஊரின் பனியையும் காற்றையும் அவருடைய விரல்களின் மேலும் ஏற்றிவிடுவது எளிது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுவரும் எனக்கு இது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. மேடையில் அவர் உடலை ஆட்டுவதில்லை. அண்ணாந்து பார்த்து உருகுவதில்லை. அடுத்து வரப்போவது முக்கியமான இடம் என்று முகத்தால் நமக்குச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. அந்த அடக்கத்தைக் கண்ணால் கண்டுவிட்டுக் காதால் கேட்டதாகச் சொல்லிவிடுகிறோம் என்பதே என் எண்ணம்.

அவர் பிறந்தது 1970 ஏப்ரல் 7 அன்று, நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள கார்மொய் தீவில். தாய், தந்தை இருவருமே இசை ஆசிரியர்கள். ஆயினும் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர் வேறொருவர். 16 வயதில் அவர் பேர்கன் நகரத்து இசைக் கல்லூரிக்குப் போனபோது அங்கே யிர்ஷி ஹ்லிங்கா என்ற செக் ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். தீவிலிருந்து வந்த அமைதியான பையனுக்கு மத்திய ஐரோப்பாவின் வேறொரு இசைமொழி அந்த வகுப்பறையில்தான் திறந்தது. இருபது வயதை ஒட்டி அவர் செக் இசையமைப்பாளர் யனாச்செக்கின் பியானோப் படைப்புகளைப் பதிவு செய்ததற்கு அந்த ஆசிரியரின் தாக்கமே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சுரத்தில் பிடிக்க முயன்ற, பாதிச் சொல்லில் தொண்டை அடைத்து நின்றுவிடுவது போன்ற இசை அது. குளிர்ந்த மனம் படைத்த இளைஞர் ஒருவர் அதன் பக்கமே போயிருக்க மாட்டார். இன்று பேர்கனில் அந்த ஆசிரியரின் பெயரிலேயே பியானோப் பயிற்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கலை ஆலோசகராக இருப்பவர் இந்த மாணவர்தான்.

1987இல் ஆஸ்லோவில் முதல் தனிக் கச்சேரி, பிராங்பர்ட்டின் ஹின்டெமித் பரிசு, 1998இல் அமெரிக்காவின் கில்மோர் விருது என்று வரிசையாக வந்தவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டிருக்க நான் விரும்பவில்லை. அவர் இரண்டு முறை பதிவு செய்த ஒரே படைப்பைக் கேட்டாலே அவர் நடந்துவந்த தூரம் புரிந்துவிடும். நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரிக் 1868இல் தம் 24ஆம், 25ஆம் வயதுகளில் எழுதிய பியானோ கன்செர்ட்டோவை (தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு), ஆன்ட்ஸ்னெஸ் தம் இருபதாம் வயதை ஒட்டிப் பேர்கன் இசைக்குழுவுடன் திமித்ரி கித்தயென்கோவின் நடத்துகையில் பதிவு செய்தார். பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவுடன் மாரிஸ் யான்சன்ஸ் நடத்த மறுபடியும் பதிவு செய்தார். டிம்பனி என்ற முரசின் ஒலி உருண்டு எழுந்தவுடன் பியானோ உச்சியிலிருந்து அடிவரை அருவியாக இறங்கும் தொடக்கத்தை எல்லாரும் அறிவார்கள். நான் கேட்கச் சொல்வது இரண்டாம் பகுதியை. அடக்கிய ஒலியில் தந்தி வாத்தியங்கள் நெடுநேரம் பாடி முடித்த பின்புதான் பியானோ நுழைகிறது. முதல் பதிவில் அந்த நுழைவு அழகாக இருக்கிறது. இரண்டாவதில், அதுவரை தந்திகள் பாடியதை ஒருவர் உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டுப் பதில் சொல்வதுபோல் இருக்கிறது. இப்படிக் கேட்டுவிட்டுப் பேசுவதற்குத்தான் நாம் குளிர்ச்சி என்று தவறான பெயர் வைத்துவிட்டோம்.

பேர்கனுக்கு வெளியே டிரோல்ட்ஹௌகன் என்ற இடத்தில் கிரிக்கின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஹொப் என்ற டிராம் நிறுத்தத்தில் இறங்கி நடந்துபோகலாம். கீழே நீர்க்கரையில் அவர் தனியே உட்கார்ந்து எழுதிய ஒற்றை அறைக் குடில்: ஒரு சிறிய பியானோ, ஒரு மேசை, ஒரு சாய்விருக்கை, தண்ணீரைப் பார்த்த ஒரு சன்னல். ஏறக்குறைய ஐந்தடியே உயரம் கொண்ட அந்த மனிதர், பியானோவுக்கு எட்டும்படி நாற்காலியில் பீத்தோவனின் இசைப் புத்தகத்தைப் போட்டு அதன்மேல் உட்காருவாராம். மாலையில் குடிலை விட்டுப் போகும்போது, உள்ளே புகும் திருடர்கள் இசைத்தாள்களை மட்டும் விட்டுவிட வேண்டும், அவற்றால் கிரிக்கைத் தவிர வேறு யாருக்கும் பயனில்லை என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவாராம். வீட்டின் வரவேற்பறையில் நிற்பது 1892இல் அவருடைய வெள்ளி விழாத் திருமண நாளுக்குப் பரிசாக வந்த ஸ்டைன்வே பியானோ.

ஆன்ட்ஸ்னெஸ் கிரிக்கின் "லிரிக் பீஸஸ்" என்ற சிறு படைப்புகளைப் பதிவு செய்ய இந்தப் பியானோவையே தேர்ந்தெடுத்தார். உலகின் எந்த அரங்கிலும் புத்தம்புதிய பியானோ அவருக்குக் கிடைத்திருக்கும். 1867 முதல் 1901 வரை பத்துத் தொகுப்புகளாக வந்த இந்த 66 துண்டுகள், பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் பியானோ பழகும்போது வாசித்துவிட்டு மறந்துபோகிறவை. முதல் துண்டான "அரியெட்டா" வெறும் 23 தாளக் கட்டங்கள் கொண்டது, ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். கடைசியில் அந்த மெட்டின் முதல் அடி மறுபடி தொடங்குகிறது, தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பழைய ஸ்டைன்வேயின் ஒலி இன்றைய பியானோவைப்போல் அறையை நிறைத்து நிற்பதில்லை, சற்றே விரைவில் தணிகிறது. அதனால் அவர் அந்தக் கடைசிச் சுரத்தை நீட்டிக் காட்ட முயலாமல், தணிவதைத் தணியவே விடுகிறார். 34 ஆண்டுகள் கழித்துக் கடைசித் தொகுப்பின் கடைசித் துண்டில் கிரிக் அதே மெட்டை வால்ட்ஸ் நடையில் மறுபடி எடுத்துப் பார்த்தார் என்பதை அறிந்து கேட்பவர்களுக்கு, அந்த நிறுத்தம் இன்னும் கனமாக இருக்கும். பெரிய கன்செர்ட்டோவுக்கு உரிய உழைப்பை ஒரு பக்கத் துண்டுக்கும் தருகிறவர் இவர். செக் இசையமைப்பாளர் ட்வொர்ஷாக்கின் 13 பியானோச் சித்திரங்களையும், பலர் திரும்பிப் பார்க்காத, பின்லாந்து இசையமைப்பாளர் சிபெலியுஸின் சிறு பியானோப் படைப்புகளையும் அவர் முழு இசைத்தட்டுகளாகத் தந்ததும் இதே மனநிலையில்தான்.

பீத்தோவனின் பியானோ கன்செர்ட்டோக்களை ஊர் ஊராக வாசித்த அவருடைய "பீத்தோவன் பயணம்" தொடங்கிய விதமும் சுவையானது. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்து விடுதி ஒன்றின் லிஃப்டில், பீத்தோவனின் முதல் இரண்டு கன்செர்ட்டோக்களின் துணுக்குகள் ஓயாமல் சுற்றிச் சுற்றி ஒலித்தனவாம். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டதில், அந்த இசையிடம் முழுதாகப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் விதையாக விழுந்தது. பின்னர் மாலர் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழுவை மையமாக வைத்து, தனி நடத்துநர் இல்லாமல் பியானோவிலிருந்தே குழுவை நடத்தி, ஐந்து கன்செர்ட்டோக்களையும் பதிவு செய்தார். நான்கு கச்சேரிப் பருவங்கள் நீண்ட அந்தப் பயணத்தில் 27 நாடுகள், 108 நகரங்கள், 230க்கும் மேற்பட்ட கச்சேரிகள். இதில் நான்காம் கன்செர்ட்டோவின் இரண்டாம் பகுதிதான் என் வாதத்துக்குச் சாட்சி. தந்தி வாத்தியங்கள் ஒரே குரலில் கடுமையாக அதட்ட, பியானோ தாழ்ந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அந்த அதட்டலே அடங்கிவிடும். கை அசைத்து அந்தக் கோபத்தை எழுப்புகிறவரும் அவர்தான், அடுத்த நொடியில் அதே கையால் அதற்குத் தாழ்மையாகப் பதில் சொல்கிறவரும் அவர்தான். உணர்ச்சி இல்லாதவரால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய இயலாது. அந்தப் பயணத்தின்போது செவித்திறன் குறைந்த குழந்தைகளை வரவழைத்து, இசைக்குழுவின் நடுவே உட்காரவைத்து, வாத்தியங்களின் அதிர்வை அவர்கள் கையால் தொட்டு உணரும்படி செய்தார்கள். காது கேளாமையோடு போராடிய பீத்தோவனுக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதையை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. தனிப் பியானோவுக்காகப் பீத்தோவன் எழுதிய 32 சொனாட்டாக்களையும் அவர் இப்படி முழுமையாகப் பதிவு செய்திருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் எனக்கு உண்டு.

பின்னர் அதே குழுவுடன் மொட்சார்ட் 1785, 1786 ஆகிய இரண்டே ஆண்டுகளில் எழுதியவற்றை எடுத்துக்கொண்டு செய்த பதிவுகளும் நன்றாகவே இருக்கின்றன.

புகழ் வந்த பிறகும் அவர் இலண்டனுக்கோ நியூயார்க்குக்கோ குடிபெயர்ந்துவிடாமல் பேர்கனிலேயே வாழ்கிறார். தெற்குக் கரையில் வெள்ளை மர வீடுகள் நிறைந்த ரீசோர் என்ற சிற்றூரில், வியோலாக் கலைஞர் லார்ஸ் அன்டெர்ஸ் தொம்தெருடன் சேர்ந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இசைவிழாவை நடத்தினார். 2016இல் ஹர்தாங்கர் கடற்கழியின் கரையிலுள்ள ரூசென்டாலில் இன்னொரு விழாவைத் தொடங்கினார். உலகின் தேர்ந்த கலைஞர்கள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மலையடிவாரத்துக் கிராமத்துக்குப் போய், சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசையை வாசிக்கிறார்கள். பெரிய அரங்கில் தனி நாயகனாக நிற்பதைவிட, நான்கு பேருடன் சுற்றி உட்கார்ந்து பிறர் வாசிப்பதைக் கேட்டு வாசிப்பதை விரும்புகிறவரின் தேர்வு இது.

அதே ஹர்தாங்கர் மண்ணின் இசையமைப்பாளர் கைர் துவெய்ட்டுக்கு ஆன்ட்ஸ்னெஸ் செய்துவருவதுதான் என் கண்ணில் எல்லாவற்றிலும் பெரிது. 1970இல், அதாவது ஆன்ட்ஸ்னெஸ் பிறந்த அதே ஆண்டில், நூர்ஹைம்சுந்த் ஊருக்கு அருகிலிருந்த துவெய்ட்டின் வீடு தீப்பற்றி எரிந்தது. பிரதி எடுக்காமல் வைத்திருந்த கையெழுத்துத் தாள்கள் குவியல் குவியலாகச் சாம்பலாயின. அவருடைய வாழ்நாள் படைப்பில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது என்பார்கள். 1981இல் அவர் இறந்தபோது அவரைப் பெரும்பாலான உலகம் அறிந்திருக்கவில்லை. எஞ்சியவற்றுள் ஒன்று அவருடைய 29ஆம் பியானோ சொனாட்டா. நார்வே இசையமைப்பாளர்களின் படைப்புகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட இசைத்தட்டிலேயே துவெய்ட்டின் ஹர்தாங்கர் நாட்டுப்புற மெட்டுகளை வாசித்திருந்த ஆன்ட்ஸ்னெஸ், அண்மை ஆண்டுகளில் இந்த நீண்ட, கடினமான சொனாட்டாவை நியூயார்க்கின் கார்னகி ஹால் வரை கொண்டுபோய், கிரிக்குக்கும் சோப்பினுக்கும் நடுவில் வைத்து வாசித்தார். அதன் ஒரு பகுதியில் கலைஞர் தம் முன்கையைக் கட்டைகளின்மேல் ஓசை எழாமல் மெல்லப் படியவைத்து, அப்படித் திறந்து நிற்கும் தந்திகளுக்கு மேலாக மறுகையால் மெட்டை வாசிக்க வேண்டும். யாரும் தொடாத தந்திகள் தாமாகவே அதிர்ந்து, மெட்டின் பின்னால் ஒரு மங்கலான ஓசை எழும்பி நிற்கும். அந்த ஓசை முற்றாக ஓயும்வரை அவர் முன்கையை எடுப்பதில்லை.