கரையைக் கடக்காத புயல்

கார்த்திகை பிறந்தால் டிவியில் ஒரே கேள்விதான்: ‘புயல் எங்கே கரையைக் கடக்கும்?’ சென்னையா, கடலூரா, ஆந்திராவா என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோடு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பெரும்பாலும் வராது. நாமும் சேனலை மாற்றிவிடுவோம்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை காலையும் எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தோம். எட்டரை மணிவாக்கில் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் வலுத்து ‘ஒக்கி’ என்ற புயலானபோது அதன் மையம் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருந்தது. கடைசிவரை நம்ம கரையில் அது ஏறவே இல்லை. ஆனால் குலசேகரம் பக்கம் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பரெல்லாம் ஆள் உயரத்தில் முறிந்து கிடந்தன. முறிந்த இடத்திலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது, யாரும் வெட்டாமலேயே. குலை தள்ளிய ஏத்தன் வாழையை எண்ணப் போன அப்பா பாதியில் திரும்பிவிட்டார். “எண்ணி என்னத்துக்கு மக்கா?”

வரைபடத்தில் நகரும் புள்ளி மையம் மட்டும்தான். காற்று அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்திருக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே, நம்ம பக்கத்தில், புயல் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். மையம் தெற்கே இருந்தால் நமக்கு அடிப்பது கிழக்கிலிருந்து வரும் கீழைக்காற்று. சாய்ந்த மரங்கள் மேற்கே தலைவைத்துக் கிடந்ததன் காரணம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

வங்கக் கடலில் உருவாகும் புயல் பொதுவாக நாலைந்து நாள் அவகாசம் தரும். இது 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம், மறுநாள் காலை புயல். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயரே வைப்பார்கள். இதற்குப் பெயர் வைத்தபோது அது நம்ம வாசலில் நின்றது.

சரி, மரம் போனது போகட்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்ற நம்ம கடலோர ஊர்களின் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே தங்கல் தொழிலுக்கு, அதாவது ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்க, போயிருந்தார்கள். கரையிலிருந்து கூப்பிட்டால் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. ‘புயல் விலகிச் செல்கிறது’ என்று செய்தி வந்ததும் விளையில் நின்ற நாங்கள் மூச்சு விட்டோம். விலகி எங்கே போனது? லட்சத்தீவுப் பக்கம், அவர்கள் தொழில் செய்யும் அதே அரபிக் கடலுக்கு. நிலத்தில் ஏறினால் புயலுக்குத் தீனி இல்லை. வெதுவெதுப்பான கடல்தான் அதற்குச் சாப்பாடு. அங்கே போய்த்தான் ஒக்கி இன்னும் உக்கிரமானது.

குஜராத்தை நெருங்கும்போது அது வலுவிழந்துவிட்டது. நாகர்கோவிலில் சித்தி வீட்டு டிவியில் அதையும் பார்த்தேன்: ‘பெரிய ஆபத்து நீங்கியது.’ அன்றைக்கும் தூத்தூர் கடற்கரையில் பெண்கள் கடலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்கள்.