கிட்னி பிரச்சினை இருந்தால் மீனே தொடக்கூடாதா?

"சிறுநீரக நோய் இருந்தால் மீனைத் தொடவே கூடாது" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. இது உண்மையில்லை. மீனில் இருப்பது நல்ல தரமான புரதம், அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் பெரும்பாலும் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், ஆனால் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் தேவைப்படுகிறது, அவர்களிடம் போய் மீனை நிறுத்துங்கள் என்றால் உடம்பு இளைத்துப் பலவீனமாகிவிடும். சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20 முதல் 25 கிராம் புரதம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது வேறு. கருவாடு, டின் மீன், ஊறுகாய் போட்ட மீன் எல்லாவற்றிலும் உப்பு மிக அதிகம். முள்ளோடு மென்று தின்னும் சின்ன மீன்களில், சிறுநீரக நோயாளிகள் அளவோடு எடுக்க வேண்டிய பாஸ்பரஸ் என்ற தாது கூடுதல். பதப்படுத்திய மீன் பாக்கெட்டில் 'பாஸ்பேட்' (சேர்க்கப்பட்ட பாஸ்பரஸ்) என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள், அது உடலில் மிக எளிதாகச் சேரும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் சமைக்காத மீன் சாப்பிடவே கூடாது.

அப்புறம், மீன் பித்தப்பையை மருந்தென்று விழுங்கச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கெண்டை வகை மீன்களின் பித்தம் நல்ல சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். உங்களுக்கு எவ்வளவு மீன் என்பதை, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரோ உணவியல் நிபுணரோ சொல்லட்டும்.