ஹேடன் ஹாலைக் காப்பாற்றியது அலட்சியம்தான்

இங்கிலாந்தின் பழைய கல்வீடுகளில் எது பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் ஹேடன் ஹால் என்பேன். டெர்பிஷயரில், பேக்வெல் ஊருக்குப் பக்கத்தில், வை ஆற்றை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. அருகிலேயே பிரமாண்டமான சாட்ஸ்வொர்த் மாளிகை இருப்பதால் பலர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு நிஜமான வருத்தம்.

இதை எந்தக் கட்டடக் கலைஞரும் உட்கார்ந்து வரைந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி, வெர்னன் குடும்பத்தார் தேவைப்பட்டபோதெல்லாம் ஒரு சுவரோ கோபுரமோ சேர்த்துக்கொண்டே வந்தார்கள். விருந்து மண்டபம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1563 வாக்கில் டோரதி வெர்னன், ஜான் மேனர்ஸை மணந்ததால் வீடு மேனர்ஸ் குடும்பத்துக்குப் போனது. டோரதி இரவோடு இரவாக ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டதாக ஒரு கதை உண்டு. அதைவிட எனக்கு முக்கியமானது பிறகு நடந்தது.

1700ஐ ஒட்டி குடும்பம் தங்களுடைய இன்னொரு இருப்பிடமான பெல்வார் கோட்டையோடு தங்கிவிட்டது. ஹேடன் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது. அதே காலத்தில்தான் சாட்ஸ்வொர்த் போன்ற வீடுகளை இடித்து, புது மோஸ்தரில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹேடனை அப்படி மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. அந்த அலட்சியம்தான் அதற்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சமையலறைக்குப் போனால் புரியும். வெட்டி வெட்டியே மரப்பலகை குழிந்துபோயிருக்கிறது. நீண்ட கூடத்தின் சன்னல்களில் வைரவடிவக் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் புடைத்தும் உள்வாங்கியும் நிற்கின்றன. வெயில் பட்டால் ஒரே சன்னலில் பத்து விதமாக மினுங்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்க்க வந்தவர் அதே மேனர்ஸ் குடும்பத்துக்காரர், பின்னாளில் 9ஆவது ரட்லண்ட் டியூக் (பிரபு) ஆனவர். அவர் வீட்டை 'அழகுபடுத்த' முனையவில்லை. மண்டபத்தின் கூரையை ஓக் மரத்தில் புதிதாகப் போட்டார். வீட்டுக்குள்ளேயே இருக்கும் தேவாலயத்தின் சுவரில் வெள்ளைப்பூச்சை எடுத்தபோது 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் வெளிப்பட்டன. மங்கலாகத்தான் இருக்கின்றன, இருக்கட்டுமே!

பழைய கல் கட்டடத்தைப் புதுசாக்கிக் காட்டும் வேலை எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. மேற்பரப்பைச் சுரண்டினால் கல்தச்சரின் உளித்தடம் போய்விடும். சுண்ணாம்புக் கலவை இருந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கும். அப்புறம் பனிக்காலத்தில் அது உறைந்து விரிய, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். செலவு செய்து கட்டடத்தைக் கெடுப்பதற்குப் பதில் சும்மா விட்டுவிடலாம்.