அந்த ஜாம் போத்தல் விளக்கு

1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்தில் 'மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை இருந்தது' என்று, போர்க்கால யாழ்ப்பாணம் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போகிறது. அந்த ஒரு வரிக்குள்தான் எங்கள் படிப்பெல்லாம் நடந்தது.

ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் நாலு கரண்டி மண்ணெண்ணெய், நடுவே ஒரு சின்னத் திரி. சுடர் சுண்டுவிரல் நகமளவுதான். அதைச் சுற்றி மூன்று பிள்ளைகள் படிப்போம். காலையில் மூக்குக்குள் கரி.

பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி றேடியோ கேட்போம். பெடலைச் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் செய்தி பாதியில் நின்றுவிடும், அப்பாவிடம் ஏச்சு விழும்! சவர்க்காரம் யானை விலை, பனம்பழக் களியில்தான் உடுப்புத் தோய்த்தோம். எத்தனை தரம் அலசினாலும் அந்த மணம் போகாது.

மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதையையாவது அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கலாம். கிளப்ப மட்டும் சில துளி பெற்றோல். அப்புறம் தெருவெல்லாம் புகை.