டெஸ்க்கில் கத்தாத ஒரு ஆள்

சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று நம்புகிறவர்களை ஒரு நாளிதழ் ஆபீஸில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் அப்படி ஒரு ஆபீஸில் சில வருஷம் பக்க வடிவமைப்பு வேலை பார்த்தேன். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். அங்கே எல்லோருமே கத்துவோம். ஆனால் பேப்பர் நேரத்துக்கு வெளியே போனது கத்தாத ஒருத்தரால்தான்.

அவர் செய்தி ஆசிரியர், செய்திகளைத் திருத்திப் பக்கம் போடுகிற டெஸ்க்குக்குப் பொறுப்பு. நாங்கள் அண்ணாச்சி என்போம். மேலே நிர்வாகம், பக்கத்தில் விளம்பரப் பிரிவு, கீழ்த்தளத்தில் மெஷின்காரர்கள், ஊர் ஊராகப் பகுதிநேர நிருபர்கள். எல்லோருடைய எரிச்சலும் கடைசியில் வந்து இறங்குகிற மேஜை அவருடையது.

ஒரு ராத்திரி உள்பக்கம் எல்லாம் முடிந்து கீழே அனுப்பப் போகிற நேரம். விளம்பரப் பிரிவிலிருந்து அரைப் பக்கக் கண்ணீர் அஞ்சலி ஒன்றைக் கொண்டுவந்து நிற்கிறார்கள். பணம் கட்டியாகிவிட்டது, காலையில் அடக்கம், மறுக்க முடியாது. என் பக்கத்து இருக்கைப் பையன் மவுஸைத் தூக்கி வீசிவிட்டு எழுந்துவிட்டான். அதே நேரம் போனில் குளச்சல் நிருபர், தன் செய்தியை ஏன் வெட்டினீர்கள் என்று. அண்ணாச்சி பையனிடம், "சாயா வந்துட்டு, குடிச்சிட்டு வா மக்கா. அதுவரை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவன் பழம்பொரியும் தின்று திரும்பி வருவதற்குள் ஒரு கட்சிக் கூட்டத்துப் படத்தைத் தூக்கி மறுநாளைக்கு வைத்துவிட்டு, இடத்தைக் காலி பண்ணியிருந்தார். "கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." மறுநாள் கட்சிக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள். அவர்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இதைப் பலர் சுபாவம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு வேலை தெரியும், அதனால் பதற்றம் குறைவு, அவ்வளவுதான். பதினோரு மணிக்கு யாராவது "முதல் பக்கத்துல தப்பு" என்று அலறிக்கொண்டு வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எழுத்தா, படமா?" கலர் பக்கத்துக்கு நாலு அச்சுப் பிளேட், நிறத்துக்கு ஒன்று: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கறுப்பு எழுத்தில் தப்பென்றால் கறுப்பு பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். கலர் படம் மாறினால் நாலும் போச்சு, களியக்காவிளைக்குப் பேப்பர் கொண்டுபோகிற வண்டியும் லேட். இது தெரிந்த ஆளுக்கு எதற்குக் கத்த வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரியும். தெரியாதவர்கள் எல்லாவற்றுக்கும் கத்துவோம்.

(இன்னொன்று. எவ்வளவு இட நெருக்கடி வந்தாலும் அணை நீர்மட்டப் பெட்டியைத் தொடவிட மாட்டார். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, இரண்டு. ஒருநாள் அது வராமல் போனால் காலையில் விவசாயிகளின் போனை எடுக்கப் போவது நானில்லை, அவர்தான்.)

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மாவட்டமே இருட்டு, ரோடெல்லாம் மரம். அப்புறம்தான் பெரிய அடி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அதிகாரிகள் ஒரு எண்ணிக்கை சொன்னார்கள், கடற்கரை ஊர்களில் வேறு எண்ணிக்கை சொன்னார்கள். எதைப் போடுவது என்று டெஸ்க்கில் கைகலப்பு வராத குறை. அவர் இரண்டையும் போடச் சொன்னார், யார் சொன்னது என்று சேர்த்து. அந்தப் பக்கத்து நிருபரிடம், "நம்பர் இருக்கட்டும், ஊர் வாரியா பேரு கேட்டு வாங்கு" என்றார்.

1982-ல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கிற மாவட்டம் இது. இங்கே ஒரு தலைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை வெளியூரிலிருந்து வருகிற துணை ஆசிரியர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். டாஸ்மாக் வாசலில் கடன் தகராறில் ரெண்டு பேர் அடித்துக்கொண்டதை "இரு தரப்பினர் மோதல்" என்று ஒரு பையன் எழுதிவிட்டான். அண்ணாச்சி அதைத் திருத்தி எழுதவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அடிபட்டவன் யார், அடித்தவன் யார், கடன் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவனையே மாற்ற வைத்தார். பக்கம் பத்து நிமிஷம் தாமதம். அன்றைக்கு மட்டும் மெஷின்காரர்கள் கத்தினதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

சரி, புகழ்ந்தது போதும். அவரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பகுதிநேர நிருபர்களுக்கு மாதக்கணக்கில் பணம் வராமல் இருந்தது. பெட்ரோல் செலவு கையிலிருந்து. அவர்கள் வந்து நின்றபோதும் அதே குரலில், "அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்றுதான் சொன்னார். அங்கே அவர் கத்தியிருக்க வேண்டும், மேலே பார்த்து. ஒரு செய்தி ஆசிரியர் ஒருநாள் மேஜையைத் தட்டியிருந்தால் அந்தப் பணம் நகர்ந்திருக்கும். நல்ல மனிதரின் பொறுமையை நிர்வாகம் தன் பொறுமையாகச் செலவழித்தது. இதை அவரிடமே சொன்னேன். சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஆசிரியர் பதவி காலியானபோது வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். "இவரை மேல ஏத்திட்டா டெஸ்க்கை யாரு பாக்கது?" என்று உள்ளே பேச்சு நடந்ததாகக் கேள்வி. கூட ஒரு ஆளைப் போட்டு, உரிய சம்பளம் கொடுத்து, ரெண்டு வருஷம் அவரிடம் பழகவிட்டிருக்கலாம். அத்தனை வருஷத்தில் அது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.