கருங்கல் ஆதிக் கல் அல்ல

போன ஞாயிறு அக்கா மகளோடு சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலையேறிவிட்டு ஹிண்ட்ஹீட் கல்குவாரிப் பக்கம் இறங்கினோம். தண்ணீருக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “மாமா, உலகத்துல முதல்ல உண்டான கல்லு இதானா?” பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் நான் வாய் திறக்கும் முன்பே, “ஆமாம்மா, கருங்கல்தான் ஆதிக் கல்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நம்மில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். புக்கிட் தீமா கருங்கல்லுக்கு, அதாவது கிரானைட்டுக்கு, 20 கோடிக்குச் சற்று மேல்தான். டைனோசர்கள் தலையெடுத்த டிரையாசிக் காலத்தை ஒட்டியது. இன்று மறைந்துபோன பழைய டெத்திஸ் கடலின் தரை இன்றைய மலாயாவின் கிழக்குப் பகுதிக்கு அடியில் செருகியபோது, அதிலிருந்து கசிந்த நீர் மேலே இருந்த பாறையை உருக்கியது. அப்படி எழுந்த குழம்பு ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகியதைத்தான் நாம் குவாரியில் பார்க்கிறோம். பூமியின் கணக்கில் அது சின்னப் பிள்ளை.

சரி, அப்படியானால் முதல் கண்டங்கள் எதனால் ஆனவை? கனடாவின் அகாஸ்டாவில் 400 கோடி ஆண்டுப் பாறை இருக்கிறது. அந்தக் காலத்துப் பாறைகளில் பெரும்பகுதி டோனலைட் வகையைச் சேர்ந்தவை. பார்வைக்குக் கருங்கல் மாதிரியே இருக்கும், ஆனால் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. காரணம், அவை நீர் ஏறிய பசால்ட் பாறை (எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை) ஆழத்தில் பாதி உருகியதால் பிறந்தவை. பசால்ட்டிலேயே பொட்டாசியம் சொற்பம். இல்லாததை எங்கிருந்து பிழிவது?

பொட்டாசியத்தின் குணம் அலாதியானது. அணு பெரியது, பல கனிமங்களின் கட்டுக்குள் அடங்காது. பாறை உருகத் தொடங்கினால் முதலில் குழம்போடு ஓடிவிடும். தேங்காய் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள்: சாரமெல்லாம் முதல் பாலில் இறங்கிவிடும், சக்கை தங்கிவிடும். அந்தப் பாலையும் காய்ச்சினால் எண்ணெய் பிரியும் இல்லையா? அந்த எண்ணெய்தான் பொட்டாசியம் மிகுந்த கருங்கல். பூமியின் பழைய டோனலைட் மேலோடு, அதாவது மேல் அடுக்கு, மறுபடி உருகியபோது திரண்டது. இது உலகெங்கும் ஒரே நாளில் நடக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டனில் சுமார் 310 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியாவில் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன், எல்லாமே மேலோட்டின் மறு உருக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்நாடகத்தில் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் குளோஸ்பெட் கருங்கல்லில் மேலோட்டுக்குக் கீழிருந்து வந்த குழம்பும் கலந்திருக்கிறது.

என்னை அதிகம் வியக்க வைப்பது அடுத்தது. பொட்டாசியத்தில் சிறு பங்காக இருக்கும் பொட்டாசியம்-40 என்ற வகை கதிரியக்கம் உள்ளது, 125 கோடி ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அதாவது 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைப் போல 4 மடங்கு இருந்தது. யுரேனியமும் தோரியமும் அதோடு சேர்ந்து சூடு கொடுத்தன. இவையெல்லாம் குழம்போடு மேலே ஏறிவிட, கீழே மிஞ்சிய சக்கை நீர் வற்றி, சூடு தணிந்து, இறுகிப் போனது. அதற்குப் பிறகே அந்த நிலப்பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் குலையாமல் நின்றன. ஆகவே ஒரு கண்டத்தின் வயதை அதன் மிகப் பழைய பாறையை வைத்து எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை. பொட்டாசியம் மேலே ஏறி அடித்தளம் இறுகிய காலத்திலிருந்து எண்ண வேண்டும் என்பேன். பிறந்த நாள் வேறு, சொந்தக் காலில் நின்ற நாள் வேறு.

டிசம்பர் லீவில் பெங்களூரு போகிறவர்கள் ஷாப்பிங்குக்கு நடுவே அரை நாள் ஒதுக்குங்கள். முதலில் லால்பாக் பூங்காவின் பாறை மேல் ஏறுங்கள். சாம்பல் நிறம், வரி வரியாக இருக்கும், வயது 300 கோடி. அப்புறம் மைசூர் சாலையில் 50 கிலோமீட்டர் போனால் ராமநகரக் குன்றுகள், குளோஸ்பெட் கருங்கல். அதில் விரல் நுனி அளவுக்கு ரோஜா நிறப் படிகங்கள் தெரியும். பொட்டாசியம் அதில்தான் இருக்கிறது. அக்கா மகள் இப்போதே பூதக்கண்ணாடி வாங்கித் தரச் சொல்லிவிட்டாள்.