வெளிப்படைத்தன்மை மட்டும் டெண்டரைக் காப்பாற்றாது

அரசு டெண்டரில் முறைகேடு என்றதும் நம் சந்தேகம் முதலில் அதிகாரியின் மேல்தான் விழுகிறது. ஆனால் எந்த அதிகாரியும் கை நீட்டாமல், கோப்புகள் அனைத்தும் ஒழுங்காக இருக்கும்போதே, ஒப்பந்ததாரர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு பொதுப் பணத்தைக் கரைத்துவிட முடியும். வேலையை எடுக்கப்போகிறவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்கும். மற்றவர்கள் வேண்டுமென்றே விலையைக் கூட்டிப் போடுவார்கள், ஏதேனும் ஒரு சான்றிதழை இணைக்க 'மறந்துவிடுவார்கள்', அல்லது ஒதுங்கிக்கொள்வார்கள். அதற்குக் கைம்மாறாக அடுத்த டெண்டரோ உள் ஒப்பந்தமோ அவர்களுக்குக் கிடைக்கும்.

இந்தக் கூட்டு நிலைக்க வேண்டுமானால், சொல் தவறி விலையைக் குறைத்தவர் யார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். லஞ்சத்தைத் தடுப்பதற்காக நாம் வைத்த விதிகளே அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. அனைவர் முன்னிலையிலும் உறைகளைப் பிரித்து, யார் எவ்வளவு கேட்டார் என்று வாசித்துவிட்டால், கூட்டாளிகளுக்குத் தனியாக வேவு பார்க்கும் அவசியமே இல்லை. பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் இதை 1964இலேயே சுட்டிக்காட்டினார். போதாததற்கு, விளக்கக் கூட்டம் என்ற பெயரில் போட்டியாளர்கள் அனைவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து அறிமுகமும் செய்துவைக்கிறோம்.

இதனால் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தணிக்கையாளருக்கும், நிறுவனங்கள் இப்படிக் கூட்டுச் சேர்வதைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்துக்கும் முழு விவரமும் செல்ல வேண்டும். ஆனால் டெண்டர் ஆவணம் வாங்கியவர்களின் பெயர்கள் போட்டியாளர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆண்டு வருவாய், முன் அனுபவம் போன்ற தகுதிகளைத் தேவைக்கு மேல் உயர்த்தி, களத்தை நான்கைந்து பேராகச் சுருக்குவதையும் நிறுத்த வேண்டும். ஆட்கள் குறையக் குறையப் பேசிவைப்பது எளிதாகிறது.

கண்டுபிடிப்பதற்கான தடயங்கள் பெரும்பாலும் கொள்முதல் அலுவலகத்திலேயே கிடக்கின்றன: வெவ்வேறு நிறுவனங்களின் ஆவணங்களில் ஒரே எழுத்துப்பிழை, ஒரே கணினி முகவரி, முறைவைத்து மாறும் வெற்றியாளர்கள். தென்கொரியா 2006 முதல் இத்தகைய தரவுகளைக் கணினி வழியாகவே அலசிவருகிறது.

பல நாடுகளில், கூட்டுச் சேர்ந்ததை முதலில் ஒப்புக்கொள்ளும் நிறுவனத்துக்கு அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. கூட்டை உள்ளிருந்தே உடைக்க இதைவிட வலுவான கருவி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் அரசே, அதே வாக்குமூலத்தைக் காரணம் காட்டி அந்த நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம் என்றால், அரசு வேலையை நம்பியே பிழைக்கும் ஓர் ஒப்பந்ததாரர் வாய் திறக்க மாட்டார். இந்த இரண்டு விதிகளையும் ஒரே மேசையில் வைத்து எழுத வேண்டும்.